கயிறு நான் கட்டியதுதான்

எட்டு வால்வையும் டீசல் தட்டுக்குள் போட்டு ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள் தவமணி. காளானைக் காம்போடு பிடுங்கினது போல இருக்கிற சாமான். தலைப்பக்கம் கரி அப்பியிருந்தது, அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி, தேய்க்கத் தேய்க்கப் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. தேய்த்து, கழுவி, பழைய வேட்டித்துணியில் துடைத்து, பக்கத்தில் கிடத்தியிருக்கிற கண்ணாடிச் சில்லில் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். நேராக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். வளைந்திருந்தால் நொண்டும். முதல் மூன்றும் அப்படித்தான் நொண்டிவிட்டது, இப்போது கையில் நாலாவது. இதுவும் நொண்டத்தான் போகிறது. ஆனாலும் உருட்டிப் பார், ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருந்தாலும் லாபம்தானே என்று காசிராஜன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், காலையில், முகத்தைப் பார்க்காமல். பெல்ட்டு பல் தாண்டினா வால்வு மூடவேண்டிய நேரத்தில் திறந்து நிற்கும், கீழேயிருந்து பிஸ்டன் வந்து முட்டும், வளைஞ்சுபோகும். இதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான், கல்யாணம் முடிந்த புதிதில், சோறு தின்ற கையைக் கழுவாமலே ரெண்டு கையையும் தூக்கிக் காட்டி. ஒரு கை ஏறுறப்ப ஒரு கை எறங்கணும் தவமணி, ரெண்டும் ஒண்ணா வந்தா மண்டை மோதிக்கும், அம்புட்டுத்தான் எஞ்சின். அவள் சிரித்தாள். அன்றைக்கு அந்தக் கை அழகாக இருந்தது. இன்றைக்கு அந்தக் கையை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நேற்று அதே கைதான் வண்டிக்கு அவள் கட்டின அந்தக் கறுப்புக் கயிற்றை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தது. பெல்ட் ஓடுகிற சக்கரத்தில் சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, செத்த ஓணான் மாதிரி சுருண்டு கிடந்த கயிறு. பாத்தியாடி உன் கைராசிய, என்றான். உன் கைராசிய. அவளா கேட்டாள் ராசி வேண்டுமென்று?

பிரஷ் வழுக்கி விரலில் குத்தியது. டீசல் பட்டு எரிந்தது. எரியட்டும். கைராசி என்று பேர் வைத்தது அவன்தான். பாப்பா பிறந்து வீட்டுக்கு வந்த பதினாறாம் நாள், ரொம்ப நாளாகக் கிளம்பாமல் கிடந்த ஒரு ஜீப்பை, சும்மா சாவியைத் திருப்பு என்று அவள் கையில் கொடுத்தான். திருப்பினாள், கிளம்பிவிட்டது. பேட்டரி மாற்றியிருந்தான், டீசல் பில்டர் மாற்றியிருந்தான், கிளம்பாமல் என்ன செய்யும். ஆனால் ஒர்க் ஷாப்பில் நின்ற நாலு பேரும் கைதட்டினார்கள், அவள் வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள், அவன் உடனே, எம்பொஞ்சாதி கைராசி, இனிமே இந்த ஷெட்டுல இருந்து எஞ்சின் பிரிச்சு மாட்டின எந்த வண்டியும் அவ கையால கயிறு கட்டாம வெளிய போகாது என்று ஒரு சட்டம் போட்டுவிட்டான். போடியிலிருந்து மெட்டு ஏறுகிற டிரைவர்களுக்குத் தெரியாதா, வளைவுக்கு வளைவு சாமி இருக்கிற மலை அது. அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. காசி, வீட்ல தங்கச்சியக் கூப்பிடு, கயிறு கட்டட்டும். அவ்வளவுதான், அடுப்பில் கொதிக்கிற குழம்பை இறக்கிவைத்துவிட்டு, பாலுக்கு அழுகிற பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஆம்பளைகள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, குனிந்து பம்பரில் கயிறு கட்டவேண்டும். குனிகிறபோது பின்னால் நிற்கிறவன் எங்கே பார்க்கிறான் என்று முதுகுக்குத் தெரியும். கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம், ஏழு மிளகாய், ஒரு கரித்துண்டு. கட்டி முடித்ததும் அவள் உள்ளே வந்துவிடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஊமையா காசி உன் வீட்டம்மா என்று கேட்டவர்கள் உண்டு. பேசாத பெண்ணின் கைதான் ராசி என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னான் அவன். அவருக்கு எதற்கும் விளக்கம் உண்டு. அவருக்கு. அவனுக்கு. இவ்வளவு நேரமாக மனசுக்குள் அவன் இவன் என்றுதான் ஓடுகிறது, யாருக்குக் கேட்கப்போகிறது, அவன்தான். அவனேதான். 

நாலாவது நொண்டியது. ஓரமாக வைத்தாள். நேற்று அவன் தூக்கிக் காட்டின கயிறு இன்னாசி அண்ணன் வண்டிக்குக் கட்டியது. வாடகை வண்டி ஓட்டுகிற மனுசன், வெள்ளைக் கார், முன்னால் மாதா படம், பின்கண்ணாடியில் பிள்ளைகள் பேர். போன தடவை வந்தபோதே சொன்னார், காசி, மாதா உள்ள இருந்து பாத்துக்கிரட்டும், வெளிய நம்ம கருப்பன் பாத்துக்கிரட்டும், ரெண்டு பேருக்கும் சண்டை வராது, பெரிய மலைய்யா அது. இந்தத் தடவை பெல்ட் மாற்ற வந்து, வேலை முடியப்போகிற நேரத்தில் டீ குடிக்கக் கிளம்பினவர் திரும்பி நின்று, பம்பர்ல கட்டுனத போன தடவ ஸ்டாண்டுல ஆடு தின்னுருச்சு தங்கச்சி, மிளகாயோட தின்னுட்டு அது பட்ட பாட்டப் பாக்கணுமே, இந்தத் தடவ ஆடு எட்டாத எடமாப் பாத்துக் கட்டு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவர் போனதும் காசிராஜன் பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரை நீட்டி, இந்தா, இந்த ஓஸ் பைப்புல கட்டு, எந்த ஆடு வருதுன்னு பாப்போம் என்றான். அவன்தான் காட்டினான். ஸ்பேனர் நுனி ஓஸ் பைப்பில் ரெண்டு தரம் தட்டியது, டொக் டொக்கென்று, அந்தச் சத்தம் இப்பவும் காதில் இருக்கிறது. கட்டினாள். முடிச்சுப் போட்டது போக ஒரு முழம் வால் மிஞ்சித் தொங்கியது. பிளேடு இருக்குதாங்க என்று கேட்டாள். அட கூறுகெட்டவளே, கட்டுன கயித்துல இரும்பு படலாமா, கயித்த அறுத்தா வண்டி ஆயுச அறுத்த மாதிரி என்றான். அவனுடைய சட்டம். எதற்குத்தான் சட்டம் இல்லை அவனிடம், நட்டு போல்ட்டுக்கு ஒரு சட்டம், கயிற்றுக்கு ஒரு சட்டம். பெல்ட்டை மூடுகிற பிளாஸ்டிக் கவருக்கு மட்டும் சட்டம் இல்லை. கழற்றும்போது அதன் காது ரெண்டும் உடைந்துபோனது. காது உடைந்தால் போல்ட்டு நிற்காது. புதுசு மதுரையிலிருந்து வரவேண்டும், ரெண்டு நாளாகும். கவரு இல்லாட்டி என்ன, வண்டி என்ன கல்யாணத்துக்கா போகுது, ஓடும் என்று சொல்லி அதைத் தகரத்துக்குப் பின்னால் எறிந்தான். எறிந்ததை அவள் பார்த்தாள். தொட்டில் ஆட்டிக்கொண்டே பார்த்தாள்.

அப்புறம் வண்டியைக் கிளப்பினான். பெல்ட் அப்படியே அம்மணமாக ஓடியது, கறுப்பு நாக்கு மாதிரி, கண்ணுக்குத் தெரியாத வேகம். மேலே கயிற்று வால் காற்றில் ஆடியது. ஒரு தரம் அந்தப் பக்கம் போனது, ஒரு தரம் இந்தப் பக்கம் வந்தது. என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, ஏதோ ஆகும் என்று தெரிந்தது. ஓடுகிற கிரைண்டர் பக்கத்தில் பிள்ளை தவழ்ந்து போனால் வருமே ஒரு பதைப்பு, அதுதான். ஏங்க, என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. ஏங்க, வாலு ஆடுதுங்க. பக்கத்து டிங்கர் கடைக்காரர்கள் ரெண்டு பேர் சும்மா வந்து நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: வாலு இருந்தா ஆடத்தான் செய்யும். உனக்கு இல்லாததால தெரியல. ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு. ஒருத்தன் கையிலிருந்த டீயே கொட்டிவிட்டது. அவள் உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் நின்றாள். காது ரெண்டும் காந்தியது. பொறு. இங்கேதான் இருக்கிறது. இந்த இடத்தில்தான் சுற்றிச் சுற்றி வந்து மாட்டுகிறது. அவள் சொன்னாள். வாயைத் திறந்து சொன்னாள். வருசத்துக்கு ஒரு தரம் ஆம்பளைகள் முன்னால் வாய் திறக்கிறவள், அன்றைக்குத் திறந்தாள், சொன்னதற்குச் சிரிப்பு கிடைத்தது. அதே அவன் நேற்று கயிற்றைத் தூக்கிப் பிடித்து உன் கைராசிய என்கிறான். சொன்னேனே என்று ஏன் அப்போது சொல்லவில்லை? நாக்கு ஏன் மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது? கரி உரிகிறது, இது உரியமாட்டேன் என்கிறது. ஐந்தாவது வால்வு. இதன் காம்பில் ஒரு கோடு விழுந்திருக்கிறது, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. கண்ணாடியில் வைத்தாள். டக் டக் டக். நொண்டி.

அந்த வால் பெல்ட்டில் மாட்டினது மெட்டு இறங்குகிறபோது. ஏறுகிறபோது ஆகியிருந்தால் வண்டி நின்றிருக்கும், அவ்வளவுதான். இறங்குகிறபோது எஞ்சின் செத்தால் பிரேக் கல்லாகிவிடுமாம், ஸ்டீயரிங் எருமை மாதிரி திரும்பாதாம். உள்ளே ஏலத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று, கைப்பிள்ளையோடு. கைப்பிள்ளையோடு என்று கேட்டதிலிருந்து அவள் நினைப்பில் அந்தப் பிள்ளைக்குத் தனி முகம் இல்லை, பாப்பாவின் முகம்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. இன்னாசி அண்ணன் எழுந்து நின்று மிதித்த மாதிரி பிரேக்கை மிதித்துக்கொண்டு, பாறைப் பக்கமாக ஒடித்து உரசி நிறுத்தியிருக்கிறார். உள்ளே இருந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. இவருக்கு இடது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது. பாறைப் பக்கம் ஒடிக்க முடிந்தது. ஒடிக்க முடியாமல் போயிருந்தால்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடுகிறது, பிறகு திரும்பி முதலிலிருந்து வருகிறது. பாறை, ஒன்றுமில்லை, கைப்பிள்ளை. ஒன்றுமில்லை என்பது எப்படி இருக்கும்? கீழே மூடுபனி இருந்திருக்கும். ஏலச்செடி பச்சையாக இருந்திருக்கும். அவளுடைய முடிச்சு. அவள் விரல் போட்ட முடிச்சு. நேற்று மத்தியானம் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது இந்த விரலாலேயே அவள் தலையைத் தடவினாள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அவன் அதற்குத்தான் காத்திருந்தானோ என்னவோ. பயந்தவளிடம் பொய் சொல்லச் சொல்வது எளிது. 

நேற்றுச் சாயந்தரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனாக வந்து உட்கார்ந்தான், பாப்பாவைக் கேட்டு வாங்கி மடியில் போட்டுக்கொண்டான், அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது ஏதோ வரப்போகிறது என்று. தவமணி, நாளைக்கு இன்னாசி அண்ணன் வருவாரு. நீதான் சொல்லணும். என்னன்னு? நாந்தாண்ணே உள்ள கட்டினேன், அவரு கை கழுவப் போயிருந்தாரு, அவருக்குத் தெரியாதுன்னு. அவ்வளவுதான். ஆடு தின்னுரும்னு நீங்கதான சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சேத்துக்க, மனுசன் இளகிருவாரு. கவரு பத்தி கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணேன்னு சொல்லு. நான் சொன்னா மெக்கானிக்கு கவரு போடாம அனுப்பிட்டான்னு மெட்டு முழுக்கப் பேசுவாங்க, அப்புறம் இந்த ஷெட்டுக்கு எவன் வருவான், நாம எங்க போவோம். நீ சொன்னா பொம்பளப்புள்ள, தெரியாமச் செஞ்சுருச்சுன்னு போயிருவாங்க. பொம்பளைக்கு என்னடி, ஒரு நாள் பேச்சு. பாப்பாவின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சொன்னான். என்னடா குட்டி, அம்மா சொல்லுவால்ல? பாப்பா சிரித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டான். எப்போதுமே அப்படித்தான் எடுத்துக்கொள்கிறான். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நாந்தாண்ணே கட்டினேன். சொல்லிப் பார்த்தாள், உதடு மட்டும் அசைய. வருகிறது. அவரு கை கழுவப் போயிருந்தாரு. இதுவும் வருகிறது. அவருக்குத் தெரியாது. இங்கே மாட்டுகிறது. திரும்ப முதலிலிருந்து. நாந்தாண்ணே கட்டினேன், அவரு கை கழுவப் போயிருந்தாரு, அவருக்கு. டொக் டொக். ஸ்பேனர் சத்தம் வந்து நடுவில் நிற்கிறது. வேறு மாதிரிச் சொல்லிப் பார்ப்போம், மன்னிச்சுக்கங்கண்ணே, என்று ஆரம்பித்தாள், அதோடு விட்டுவிட்டாள். ஆறாவது வால்வைத் தேய்த்த தேய்ப்பில் பிரஷ்ஷின் கம்பி ரெண்டு தெறித்து விழுந்தது. ஒரு நாள் பேச்சு என்கிறான். ஒரு நாளா? அவள் பார்த்திருக்கிறாளே. ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு ஏலக்காய் ஸ்டோருக்குப் போனவள் அவள், வரிசையாக உட்கார்ந்து பச்சை தனி, வெளுத்தது தனி, வெடிச்சது தனி என்று காய் பொறுக்குகிற இடம். ஒரு தரம் முதல் ரக மூட்டைக்குள் வெடிச்ச காய் கலந்து போய்விட்டது. மேஸ்திரி பொம்பளை செய்த தப்பு, எல்லோருக்கும் தெரியும். அந்த மேஸ்திரியே அம்மாவின் காதோரம் வந்து, நீ சொல்லிக்கடி, நீ சொன்னா ரெண்டு வசவோட போயிரும் என்றாள். அம்மா எழுந்து நின்று நாந்தான்யா என்றாள். ரெண்டு வசவோடு போயிற்றுதான். ஆனால் அதற்கப்புறம் எந்த மூட்டையில் கல் கிடந்தாலும், யார் முறம் காணாமல் போனாலும் ஸ்டோரே திரும்பி அம்மாவைப் பார்க்கும். அம்மாவும் தலையைக் குனிந்துகொள்வாள், செய்யாததற்கே குனிந்து குனிந்து, கடைசியில் செய்தவள் மாதிரியே ஆகிப்போனாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்லுவாள் வீட்டுக்கு வந்து. வீட்டுக்கு வந்துதான் சொல்லுவாள்.

அது வெறும் காய். இது கைராசி. ராசியில்லாத கை என்று ஒரு பேச்சு கிளம்பினால் அது மெட்டு ஏறி இறங்கி ஊர் முழுக்கச் சுற்றும், டிரைவர் வாயில் விழுந்தது மலையெல்லாம் போகும். காசி பொண்டாட்டி கட்டின கயித்துல வண்டி உருளப் பாத்துச்சாம். அப்புறம் யார் வீட்டு வளைகாப்பில் இவள் கையால் வளையல் போடச் சொல்வார்கள்? யார் பால் காய்ச்ச அழைத்து இவள் கையில் பானையைக் கொடுப்பார்கள்? வண்டி கிளம்புகிற நேரம் இவள் எதிரில் வந்தால் ரெண்டு நிமிசம் நின்று போவார்கள், முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லாமல், டயரைப் பார்ப்பது போல. பாப்பா வளரும். அந்தக் கைராசிக்காரி மகளா என்பார்கள், சிரித்துக்கொண்டு. ராசியைத் தூக்கி வைத்ததும் அவன், போட்டு உடைக்கிறதும் அவன், நடுவில் இவள் கை, இவள் கை என்ன ஷெட்டு சாமானா, தேவைப்பட்டால் எடுத்து மாட்டவும் தேவையில்லாவிட்டால் தகரத்துக்குப் பின்னால் எறியவும்? ராசியும் இல்லை ஒன்றும் இல்லை. கவர் இருந்திருந்தால் கயிறு உள்ளே போயிருக்காது. வாலை அறுத்திருந்தால் எட்டியிருக்காது. இதற்கு எதற்கு ராசி? இன்றைக்குக் காலையில் விடிந்ததும் விடியாததுமாகப் போய் எங்கோ ஒரு உடைசல் வண்டியிலிருந்து ஒரு கவரைக் கழற்றி வந்திருக்கிறான், எஞ்சின் பக்கத்தில் துடைத்து வைத்திருக்கிறான், என்னமோ முதலிலிருந்தே அங்கே இருந்தது போல. அதில் கொஞ்சம் கரித்தூள் வேறு அள்ளிப் பூசினான், பழசாகத் தெரியட்டும் என்று. பூசும்போது உதட்டைக் குவித்து ஊதினான், கோலம் போடுகிறவள் மாதிரி. அவ்வளவு பொறுமையை அன்றைக்குக் காட்டியிருந்தால் என்ன. ரெண்டு நாள். மதுரையிலிருந்து வர ரெண்டே நாள்.

பாப்பா எழுந்துவிட்டது. தொட்டில் சேலை அசைகிறது, முதலில் முனகல், அப்புறம்தான் அழுகை வரும். மார் கனத்து ரவிக்கை நனைந்தது. போய்த் தூக்க வேண்டும், ஆனால் கையெல்லாம் டீசல். நேற்றே சோப்புப் போட்டு, சீயக்காய் போட்டு, எலுமிச்சை தேய்த்துக் கழுவியும், மார்பில் வாய் வைத்த பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா வாசனை இல்லையாம் இது. அப்பா வாசனை. அப்பா வாசனையை அப்பாவே வைத்துக்கொள்ளட்டும். இன்னும் ரெண்டு வால்வுதான். இரு தங்கம், அம்மா வந்துட்டேன், இரு. ஏழாவதைக் கண்ணாடியில் வைத்து உருட்டினாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. சத்தமே இல்லை. நம்பாமல் திரும்ப உருட்டினாள், எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், ஏலக்காய் பார்க்கிற பார்வை. நேர்தான். அவ்வளவு இடியிலும் ஒன்று தப்பித்திருக்கிறது. சந்தோசம் வரும் என்று நினைத்தாள், எரிச்சல்தான் வந்தது, உனக்கு மட்டும் என்ன வந்தது, நீயும் வளைந்துபோயிருந்தால் கணக்கு ஒரே கணக்காக இருந்திருக்குமே.

வெளியே ஒரு ஆட்டோ நின்றது. குரல். இன்னாசி அண்ணன் குரல், செருமலோடு. என்ன காசி, நம்ம ஆளு குடலையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுட்ட? வாங்கண்ணே, வாங்க, கையி எப்படி இருக்கு, உக்காருங்க. கை கெடக்குது விடுப்பா, கழுத்து நின்னுச்சே அதச் சொல்லு. ஸ்டூல் இழுபடுகிற சத்தம். தவமணிக்குக் கை நின்றுவிட்டது. நாந்தாண்ணே கட்டினேன். அவரு கை கழுவ. பாப்பா அழ ஆரம்பித்தது. அழுகைக்கு நடுவில் துண்டு துண்டாகக் கேட்டது. காசிராஜன் குரல் தாழ்ந்து, இழைந்து, எண்ணெய் விட்டது மாதிரி. என்ன சொல்றதுண்ணே, தலைகுனிவா இருக்கு, நான் பம்பர்லதான் கட்டச் சொன்னேன், கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அவளா, நீங்க ஆடுன்னு சொல்லிட்டுப் போனீங்கள்ல, அத மனசுல வச்சுக்கிட்டு உள்ள கட்டிட்டா. கவரு சந்துல வாலு போயிருக்கு. இந்தா பாருங்க கவரு. அவ பாவம் ராத்திரியெல்லாம் அழுகை. அழுகையா? யார் அழுதது? அவளே வந்து உங்ககிட்டச் சொல்லணும்னு நிக்கிறாண்ணே. 

காத்திருந்தாள். இன்னாசி அண்ணன் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும். கைப்பிள்ளையோடு ஒரு குடும்பத்தை ஒன்றுமில்லாத இடத்து விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினவளை ஒரு மனுசன் கெட்ட வார்த்தையில் திட்டினால் அதில் ஒரு நியாயம் இருக்கும், அந்த வசவு கொஞ்ச நேரம் காற்றில் நின்று அப்புறம் போகவேண்டியவன் தலையில் போய் உட்காரும். தீப்பெட்டி உரசுகிற சத்தம் மட்டும். அப்புறம் அந்த மனுசன், பெருமூச்சு விட்டு, இதமாக, மெதுவாக, கோயிலில் பேசுகிற குரலில், விடு காசி, பச்சப்புள்ளக்காரி, அதுக்கு என்ன தெரியும், எனக்கு நல்லது நினைச்சுத்தான செஞ்சிருக்கு, நான் மன்னிச்சுட்டேன், மாதா சாட்சியா மனசுல ஒண்ணுமில்ல, இனிமே மட்டும் வண்டிப் பக்கம் விடாத, சில கைக்கு ராசி இருக்காது, அது அதோட தப்பா, என்றார். தவமணிக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. மன்னித்துவிட்டார். அவ்வளவு நல்ல மனுசன், கட்டுப் போட்ட கையோடு வந்து, பொய்க்கு மன்னிப்பைக் கொடுத்து, அதை அவள் மடியில் இறக்கி வைத்துவிட்டுப் போகப்போகிறார், ஆயுசுக்கும் அதைச் சுமந்துகொண்டு அவரைக் கண்ட இடத்திலெல்லாம் அவள் தலையைக் குனியவேண்டும், அம்மா மாதிரி, காய் கலந்த அம்மா மாதிரி. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். இதை வாங்கக்கூடாது. இதை வாங்கினால் முடிந்தது. கையைத் துணியில் துடைத்தாள், துடைத்த கையிலேயே பாப்பாவைத் தொட்டிலிலிருந்து அள்ளி இடுப்பில் வைத்தாள், டீசல் வாசனைக்கு அது முகத்தைத் திருப்பியது, திருப்பட்டும், பழகிக்கொள்ளட்டும், கயிறு நான் கட்டியதுதான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஆனால் கட்டின இடம், அறுக்காத வால், எறிந்த கவர், நான் சொன்னபோது சிரித்த ரெண்டு பேர், டிங்கர் கடையில் இப்பவும் இருக்கிறார்கள், கூப்பிட்டுக் கேளுங்கள், ஷெட்டு போனால் போகட்டும், நாலு நாளைக்கு எவனும் வரமாட்டான், அப்புறம் கவர் போட்டு அனுப்புகிற ஷெட்டு என்று தெரிந்தால் வருவான், வராவிட்டால் ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது, எனக்குக் கண் இருக்கிறது, நாக்கு மட்டும் ஒட்டாமல் இருந்தால் போதும், தங்கச்சி, தாயி, இங்கிட்டு வாம்மா, பயப்படாத, அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டேன் என்று வெளியே இருந்து அவர் கூப்பிடுகிறார், காசிராஜன் கதவைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு நிற்கிறான், வாசல் தாண்டி வெயிலுக்குள் வந்துவிட்டாள், வாய் திறந்துவிட்டது, சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிசாக வருகிறது, அண்ணே, உங்க மன்னிப்ப நீங்களே வச்சுக்கங்க, அது எனக்குள்ளது இல்ல, அன்னைக்கு இவருதான் ஸ்பேனரால தட்டி இங்க கட்டுன்னாரு—